எங்க வீட்டு குரூப்ல மெத்தை ப்ரொடெக்டர் பத்தி பேசினது

நான்: எல்லாரும் இருக்கீங்களா, ஒரு சந்தேகம். புது மெத்தை ரெண்டு வந்து இறங்கிடுச்சு, ஒண்ணு எங்களுக்கும் பையனுக்கும், இன்னொண்ணு அத்தைக்கு. மேல போடுற வாட்டர்ப்ரூஃப் ப்ரொடெக்டர் பாத்துட்டு இருக்கேன், ஒரே சைஸ்தான், ஒண்ணு ரொம்ப மலிவு இன்னொண்ணு அதைவிட நாலு மடங்கு விலை, போட்டோல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கு

நான்: பையனுக்கு நாலு வயசாச்சு இன்னும் ராத்திரி படுக்கையிலேயே ஒண்ணுக்கு போயிடுறான். அத்தை இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுலேர்ந்து முக்கால்வாசி நேரம் படுக்கையிலதான். எது வாங்குறதுன்னு தெரியாம மூணு நாளா கார்ட்ல போடுறதும் எடுக்குறதுமா இருக்கேன்

சித்தி: ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வாங்காத, முதல்ல அதைச் சொல்லிடுறேன்

மாமா: விலை ஜாஸ்தின்னா நல்லாத்தான் இருக்கும்னு மட்டும் நெனச்சுடாத மா. நான் வாங்கினேன் பார், கடையில இருந்ததுலயே ஒசத்தி, அஞ்சே மாசம்தான் வந்துச்சு

நான்: என்ன ஆச்சு மாமா

மாமா: அடியில பிளாஸ்டிக் மாதிரி ஒரு லேயர் ஒட்டியிருக்கும்ல அது துணியை விட்டு கொப்புளம் கொப்புளமா எழும்பி அப்புறம் தாள் உரியுற மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஊத்தின தண்ணி நேரா மெத்தைக்குத்தான் போச்சு

தம்பி: மாமா நீங்க அதை ட்ரையர்ல போட்டீங்களா

மாமா: ஆமா பெட்ஷீட்டோட சேத்துதான் போடுவோம், ஃபுல் சூட்டுல

தம்பி: அதான் மாமா. அது துணியோட தப்பு இல்ல, சூடு

பெரியம்மா: நான் ஒண்ணு சொல்றேன், தண்ணி உள்ள இறங்கக் கூடாது அவ்வளவுதானே, ஒரு கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு மேல போர்வை போட்டா முடிஞ்சுது, நாங்க எல்லா பிள்ளைங்களையும் அப்படித்தான் வளர்த்தோம்

அண்ணி: பெரியம்மா பையனுக்கு சரி, ஆனா அத்தைக்கு மட்டும் பிளாஸ்டிக் ஷீட் வேணாம். ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டு விவரமா எழுதுறேன், அதுவரைக்கும் யாரும் ஆர்டர் போடாதீங்க

தம்பி: அக்கா நான் சொல்லட்டுமா, எங்க யூனிட்ல இதே வேலைதான் ஓடுது, ரெயின்கோட் துணி ஆஸ்பத்திரி துணி எல்லாத்துக்கும் தண்ணி போகாத மெல்லிசு ஃபிலிம் ஒட்டுறோம்

நான்: சொல்லுடா உன்னைத்தான் எதிர்பார்த்தேன்

தம்பி: மலிவா கிடைக்குறதுல ரெண்டு வகை. ஒண்ணு பிவிசி, பாக்கெட்ட பிரிச்சதுமே ஒரு வாடை அடிக்கும் பாரு அதுதான். பிவிசி தன்னால கெட்டியா இருக்குற பொருள், அதை வளையுற மாதிரி ஆக்க எண்ணெய் மாதிரி ஒண்ணு கலப்பாங்க, நாளாக ஆக அது வெளிய வந்துடும், அப்ப ஷீட் விறைப்பாகி மடிப்பு விழுற இடத்துல எல்லாம் வெடிக்கும். புரண்டு படுத்தா சரசரன்னு சத்தம் வேற. தண்ணியை நல்லா நிறுத்தும் அதுல சந்தேகமே இல்ல, ஆனா வேர்வையையும் சேத்து நிறுத்திடும்

தம்பி: ரெண்டாவது வகைதான் ஏமாத்துறது. அதுல ஃபிலிமே இருக்காது, வெறும் பாலியஸ்டர் துணி மேல தண்ணி ஒட்டாத மாதிரி ஒரு கோட்டிங். சின்னதா தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடும், ஆனா ஒரு ஆள் அது மேல படுத்து அழுத்தினா உள்ள இறங்கிடும். அட்டையில வாட்டர்ப்ரூஃப்னு போடாம வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருப்பாங்க. நீ அந்த ரெண்டு வார்த்தையையும் பிரிச்சுப் படி அக்கா

நான்: இரு பாக்குறேன்

நான்: ஆமாடா மலிவானதுல ரெசிஸ்டன்ட்னுதான் இருக்கு!! மூணு நாளா பாக்குறேன் இது கண்ணுல படவே இல்ல

சித்தி: நல்ல வேளை

தம்பி: நல்லதுல என்ன இருக்கும்னா மேல துண்டு மாதிரி சுருள் நூல் துணி, டெர்ரி காட்டன், இல்லன்னா பனியன் துணி மாதிரி நிட். அதுக்கு அடியில டிபியூ, அதாவது பாலியூரித்தேன் ஃபிலிம். 20 மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும், தலைமுடி தடிமன்ல மூணுல ஒரு பங்கு கூட வராதுன்னு வெச்சுக்கோ. அதுல ஓட்டையே கிடையாது ஆனாலும் வேர்வை ஆவி அதுக்குள்ள கரைஞ்சு அந்தப் பக்கம் போயிடும், தண்ணி தண்ணியா மட்டும் போகாது. சத்தமும் வராது. இந்த ஃபிலிமும் அதை எப்படி ஒட்டியிருக்காங்கங்குறதும்தான் காசு, மேல இருக்குற துணி இல்ல

நான்: விலை ஜாஸ்தியானதுல பாம்பூன்னு போட்டிருக்கு, கூலிங்னும் போட்டிருக்கு, அதுக்காகத்தான் அந்த விலையா

தம்பி: பாம்பூன்னா பெரும்பாலும் மூங்கில் கூழ்லேர்ந்து எடுத்த விஸ்கோஸ் நூல் அக்கா. தொட்டா மெத்துன்னு நல்லாத்தான் இருக்கும், ஆனா தண்ணி நிக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கூலிங்னு சொல்றது படுத்ததும் சில்லுன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல உடம்பு சூட்டுக்கே வந்துடும். அந்த ரெண்டு வார்த்தைக்காக காசு குடுக்காத. அந்தக் காசுல நடுத்தர விலையில ரெண்டு வாங்கலாம்

சித்தி: ரெண்டு வாங்குறதுதான் சரி. ஒண்ணை மட்டும் வாங்கிட்டு அது ஈரமா கொடியில தொங்கும்போது அன்னிக்கு ராத்திரி வெறும் மெத்தையில படுக்க வெப்போம், கரெக்டா அன்னிக்குத்தான் பிள்ளை நனைப்பான், என் பொண்ணு சின்னதுல இருந்தப்ப எனக்கு ரெண்டு தடவை அப்படி ஆச்சு, அந்த மெத்தையை அப்புறம் எவ்வளவு வெயில்ல வெச்சும் வாடை போகல

மாமா: மெமரி ஃபோம் மெத்தைன்னா இன்னும் மோசம், பஞ்சு மாதிரி உறிஞ்சிடும், துவைக்கவும் முடியாது. இன்னொண்ணு தெரிஞ்சுக்கோ, என் மெத்தை நடுவுல குழி விழுந்துடுச்சுன்னு வாரண்டி கேட்டேன், அந்த கம்பெனி ஆளு வந்து பாத்தான், குழியை அளந்தான், அப்புறம் ஓரமா இருந்த கறையைப் பாத்துட்டு கறை இருந்தா வாரண்டி செல்லாதுன்னு எழுதிட்டுப் போயிட்டான். கறைக்கும் குழிக்கும் என்னய்யா சம்பந்தம்னு எவ்வளவோ கேட்டேன். வாரண்டி தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு. நிறைய மெத்தைக்கு அதே மாதிரி ஒரு வரி இருக்கும், உன் தாளையும் எடுத்துப் படிச்சுடு. அதனால முதல் நாளே ப்ரொடெக்டர் போட்டுடு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடாத

நான்: தாள் பாலித்தீன் கவர்லயே இருக்கு மாமா, ஆமா அந்த வரி இருக்கு

நான்: அப்போ ப்ரொடெக்டர் வர்ற வரைக்கும் அந்த பாலித்தீன் கவரையே மெத்தையில விட்டுடட்டுமா

அண்ணி: வேண்டவே வேண்டாம்!! பையன் படுக்குற மெத்தைல மெல்லிசு பாலித்தீனை விடவே கூடாது, தளர்ந்து வந்து மூக்கு வாயில ஒட்டிக்கிச்சுன்னா மூச்சு முட்டிடும். இப்பவே உருவி மடிச்சு கைக்கு எட்டாத இடத்துல வெச்சுடு. ப்ரொடெக்டரும் நாலு பக்கமும் இழுத்து டைட்டா நிக்குறதாத்தான் இருக்கணும்

நான்: எடுத்துட்டேன் அண்ணி. வீட்டுக்கு வந்தாச்சா

அண்ணி: வந்துட்டேன். முதல்ல பையன் விஷயம். நாலு வயசுல ராத்திரி நனைக்குறது சாதாரணம், அஞ்சு வயசு தாண்டினப்புறம்தான் டாக்டருங்களே அதை ஒரு பிரச்சனையா கணக்குல எடுப்பாங்க. அவனை திட்டாதீங்க, அவன் வேணும்னு பண்ணல, அவனுக்குத் தெரியவே தெரியாது

நான்: திட்டல அண்ணி. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து எல்லாத்தையும் மாத்தும்போது எனக்கே அழுகை வந்துடுது

அண்ணி: அதுக்கு ஒரு வழி இருக்கு. படுக்கையை ரெண்டு தடவை விரி. ப்ரொடெக்டர், அது மேல பெட்ஷீட், அது மேல இன்னொரு ப்ரொடெக்டர், மறுபடி பெட்ஷீட். ராத்திரி நனைச்சான்னா மேல இருக்குற செட்டை மட்டும் அப்படியே சுருட்டி உருவிடு, அடியில காஞ்ச படுக்கை ரெடியா இருக்கும். லைட் கூட போட வேண்டியதில்ல

சித்தி: இதை யாராவது எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாம்

நான்: அண்ணி இது ஒண்ணுக்காகவே ரெண்டு வாங்கலாம்

தம்பி: அக்கா அவன் ஓரமா படுக்குறவனா

நான்: ஓரத்துலதான்டா, சுவர் பக்கம்

தம்பி: அப்ப பக்கவாட்டு துணியையும் பாரு. நிறைய ப்ரொடெக்டர்ல மேல் பக்கத்துக்கு மட்டும்தான் ஃபிலிம், பக்கத்துல தொங்குற துணி வெறும் நிட், அதுல எதுவும் நிக்காது, ஓரமா போனா வழிஞ்சு பக்கவாட்டுல மெத்தைக்குள்ள இறங்கிடும். அஞ்சு பக்கமும் வாட்டர்ப்ரூஃப்னு தெளிவா போட்டிருக்கான்னு பாரு. அப்புறம் நாலு மூலையில மட்டும் எலாஸ்டிக் பட்டை வெச்சது வேணாம், அது உருளும்போது சுருண்டுடும், சுத்தி முழுக்க எலாஸ்டிக் வேணும். மெத்தையோட உயரத்தை டேப் வெச்சு அள, நீளம் அகலம் மட்டும் பாத்து வாங்குறவங்கதான் ஜாஸ்தி

நான்: அளந்தேன், எங்களோடது 8 இன்ச், அத்தையோடது 6

தம்பி: அப்ப உங்களுக்கு 10 இன்ச் வரை பிடிக்கும்னு போட்டிருக்கறதா எடு. ரெண்டு மூணு தடவை துவைச்சா காட்டன் கொஞ்சம் சுருங்கும், கரெக்ட் சைஸா எடுத்தா அப்புறம் மூலை ஏறாது

தம்பி: அப்புறம் குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டு மெத்து மெத்துன்னு இருக்குமே அது. தையல் ஃபிலிமையும் சேத்துக் குத்தியிருந்தா ஒவ்வொரு ஊசி ஓட்டையும் ஒரு வழிதான். திருப்பிப் பாரு, அடிப்பக்கம் ஃபிலிம் தையல் இல்லாம வழவழன்னு இருக்கணும்

பெரியம்மா: இவ்வளவு பாக்கணுமா ஒரு மெத்தை உறைக்கு

பெரியம்மா: அத்தைக்கு ஏன் பிளாஸ்டிக் ஷீட் வேணாம்னு சொன்ன? ஆஸ்பத்திரில ரப்பர் ஷீட்தானே போடுறாங்க

அண்ணி: போடுறோம் பெரியம்மா, மேக்கின்டாஷ்னு சொல்லுவோம். ஆனா குளிப்பாட்டும்போது, டிரெஸ்ஸிங் பண்ணும்போது, அந்த நேரத்துக்கு குறுக்க போட்டுட்டு எடுத்துடுவோம். அது மேலயே ஒரு ஆளை நாள் முழுக்க படுக்க வெச்சா முதுகு வேர்க்கும், வேர்வை போக வழியில்ல, தோல் ஊறி மெலிசாகும், அப்புறம் லேசா உரசினாலே உரிஞ்சுடும். படுக்கைப் புண்ணு அப்படித்தான் ஆரம்பிக்கும். பிட்டத்துக்கு மேல எலும்பு தட்டுற இடம், குதிகால், இடுப்பு ஓரம், அங்கதான் முதல்ல வரும்

தம்பி: மேக்கின்டாஷ்ங்குறது ஒரு ஆளோட பேரு. சார்லஸ் மேக்கின்டாஷ், 1823ல ரெண்டு துணிக்கு நடுவுல ரப்பர் வெச்சு காப்புரிமை வாங்கினவர். எங்க தொழிலே அங்கேர்ந்து வந்ததுதான்

பெரியம்மா: நான் ஒண்ணு எழுதணும். மெதுவாத்தான் டைப் பண்ணுவேன் இருங்க

பெரியம்மா: உங்க பெரியப்பா கடைசி ஒண்ணரை வருஷம் படுக்கையில இருந்தாரே, மெத்தை கெட்டுடக் கூடாதுன்னு நான் கெட்டி பிளாஸ்டிக் ஷீட் வாங்கி விரிச்சேன், மேல ஒரே ஒரு பருத்தி துணி. அவர் எரியுது எரியுதுன்னு சொல்லிட்டே இருந்தார், நான் சூட்டு நாள் அதான்னு நெனச்சு ஃபேனை வேகமா வெச்சேன். புரட்டிப் பாத்தப்ப இடுப்புக்கு மேல உள்ளங்கை அகலத்துக்கு சிவந்து தோல் போயிருந்துச்சு. அது ஆற நாலு மாசம் ஆச்சு. அது இதனாலன்னு எனக்கு யாரும் சொல்லல, இன்னிக்குத்தான் தெரியுது. அத்தைக்கு நல்லதா வாங்குங்க, காசு பாக்காதீங்க

நான்: பெரியம்மா

அண்ணி: பெரியம்மா உங்களை மாதிரி ராத்திரி பகலா பாத்துக்கிட்டவங்க யாரும் இல்ல. ஷீட் மட்டும் காரணம்னும் சொல்ல முடியாது, ஒரே பக்கமா படுக்குற அழுத்தம்தான் பெரிய காரணம், ஈரமும் சூடும் அதோட சேந்துக்கும். நாலு மாசத்துல ஆற வெச்சீங்களே, அது வீட்டுல செய்யுறது எவ்வளவு கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும்

சித்தி: அக்கா நாளைக்கு காலையில ஃபோன் பண்றேன்

நான்: அண்ணி அத்தைக்கு என்ன வாங்கணும்னு அப்படியே சொல்லிடுங்க, அதுல நான் கணக்கு பாக்கல

அண்ணி: டிபியூ ஃபிலிம் இருக்குற ப்ரொடெக்டர், மேல் துணி மெலிசு நிட், சுருக்கம் விழாததா. அது மேல ஒரே ஒரு பருத்தி பெட்ஷீட். இடுப்பு பகுதிக்கு மட்டும் ஈரத்தை உறிஞ்சுற, துவைக்கிற அண்டர்பேட் ஒண்ணு குறுக்க போடு, நனைஞ்சா அதை மட்டும் மாத்தினா போதும், அவங்களை முழுசா தூக்க வேண்டியதில்ல. இதுக்கு மேல போர்வை துண்டுன்னு அடுக்காத, எத்தனை லேயர் போடுறியோ அத்தனை சூடு, அத்தனை மடிப்பு. பின்னாடி ஏர் பெட் போட வேண்டி வந்தா அதுல இன்னும் கவனம், மேல தடியா அடுக்கினா காத்து ஏறி இறங்குறது உடம்புக்கே போய்ச் சேராது

அண்ணி: எவ்வளவு நல்ல ப்ரொடெக்டரா இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிலையை மாத்தணும், ஆபரேஷன் பண்ண பக்கம் எப்படி வெக்கணும்னு டாக்டர் சொன்னபடி. தினமும் ரெண்டு வேளை முதுகைப் பாரு. சிவப்பா இருந்தா விரலால அழுத்தி எடு, வெளுத்து மறுபடி சிவந்தா பரவாயில்ல உடனே நிலையை மாத்து. அழுத்தியும் வெளுக்கலன்னா எனக்கு ஃபோன் பண்ணு. அத்தை மாதிரி நிறம் கறுப்பா இருந்தா சிவப்பு சரியா தெரியாது, தொட்டுப் பாத்து அந்த இடம் மட்டும் சூடா கெட்டியா இருக்கான்னு பாரு

நான்: சரி அண்ணி. இதை ஸ்டார் போட்டு வெச்சுட்டேன்

சித்தி: என் பொண்ணுக்கு மூச்சு இரைப்பு இருக்குறதால நாங்க போட்டது வேற வகை, முழு மெத்தையையும் உள்ள போட்டு ஜிப் மூடுறது. தூசிப் பூச்சிக்கு. பூச்சியை விட அதோட எச்சம்தான் ஒத்துக்காதாம், அது 20 மைக்ரான் அளவுதான், அதனால துணியோட துளை 10 மைக்ரானுக்கும் கீழ இருக்கணும்னு டாக்டர் சொன்னார். உறை மட்டும் போட்டா போதாது, பெட்ஷீட் தலையணை உறை எல்லாம் வாராவாரம் 60 டிகிரி தண்ணில துவைக்கணும், அந்த சூட்டுலதான் பூச்சி சாகும்னும் சொன்னார். உங்க வீட்டுல யாருக்கும் அலர்ஜி இல்லன்னா அதுக்கு காசு போடாத

மாமா: மூட்டைப்பூச்சிக்கும் அந்த ஜிப் வகைதான். ஆனா ஜிப் முடியுற இடத்துல இடுக்கு இருந்தா அது வழியாவே வந்துடும்

தம்பி: துவைக்குறதை சொல்லிடுறேன் ஏன்னா நல்லது வாங்கி இதுலதான் கெடுக்குறாங்க. லேபிள்ல 40 டிகிரின்னு இருந்தா 40க்கு மேல போகாத. ப்ளீச் வேணாம், வாசனைக்கு ஊத்துற சாஃப்ட்னர் வேணாம், அயர்ன் பண்ணவே கூடாது. ட்ரையர்னா குறைஞ்ச சூடு, முடிஞ்சா நிழல்ல கொடியில போடு, கொளுத்துற வெயில்ல நாள் முழுக்க விட்டா ஃபிலிம் சீக்கிரம் போயிடும். மெஷின்ல வேகமான ஸ்பின் வெக்காத, தண்ணி ஃபிலிமைத் தாண்டி வெளிய போக முடியாம ஒரு பக்கமா பை மாதிரி தேங்கி டிரம் ஆட ஆரம்பிச்சுடும், மெஷின் புக்லயே வாட்டர்ப்ரூஃப் துணியைப் பத்தி எழுதியிருக்கும் பாரு

மாமா: இதெல்லாம் தெரிஞ்சிருந்தா என்னோடது இன்னும் இருந்திருக்கும்

அண்ணி: நனைஞ்சதை முதல்ல பச்சைத் தண்ணில அலசணும், எடுத்ததும் வெந்நீர் ஊத்தாத. ரத்தக் கறைன்னா கண்டிப்பா பச்சைத் தண்ணிதான், வெந்நீர் பட்டா துணியில பிடிச்சுக்கும்

தம்பி: வந்ததும் ஒரு டெஸ்ட் பண்ணு அக்கா. காஞ்ச துண்டை தரையில விரி, அது மேல ப்ரொடெக்டர், மேல ஒரு டம்ளர் தண்ணி ஊத்து. சும்மா ஊத்திட்டு பாத்தா எல்லாமே பாஸ் ஆகும். அந்த ஈரத்து மேல முட்டி போட்டு பத்து நிமிஷம் உக்காரு. அப்புறம் அடியில துண்டைத் தொட்டுப் பாரு. நாலஞ்சு தடவை துவைச்சப்புறம் இதையே மறுபடி செய். ஃபிலிம் பக்கத்தை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்தா ஊசி முனை ஓட்டை கூட புள்ளியா தெரியும்

நான்: சரி முடிவு பண்ணிட்டேன். பையனுக்கு நடுத்தர விலையில அஞ்சு பக்க வாட்டர்ப்ரூஃப் டெர்ரி ரெண்டு. அத்தைக்கு மெலிசு நிட், அதுவும் ரெண்டு, அண்டர்பேட் மூணு. அந்த நாலு மடங்கு விலை பாம்பூவும் வேணாம், ரெசிஸ்டன்ட்டும் வேணாம். எல்லாம் சேத்தும் அந்த பாம்பூ ரெண்டு வாங்குற காசுக்குள்ளதான் வருது

சித்தி: நல்ல முடிவு

பெரியம்மா: ஆர்டர் போட்டியா

நான்: இப்பவே போடுறேன் பெரியம்மா

(நாலு நாள் கழிச்சு)

நான்: வந்துடுச்சு. டெஸ்ட் பண்ணேன், பையனோடது ரெண்டும் பத்து நிமிஷத்துக்கு அப்புறமும் துண்டு காஞ்சே இருந்துச்சு. அத்தையோடதுல ஒண்ணுல மட்டும் மூலைக்கிட்ட ஈரம், லைட்ல பிடிச்சா ரெண்டு புள்ளி தெரியுது, போட்டோ எடுத்து அனுப்பி மாத்திக் கேட்டிருக்கேன்

தம்பி: துவைக்குறதுக்கு முன்னாடி பாத்தது நல்லதாப் போச்சு

நான்: நேத்து ராத்திரி பையன் நனைச்சான். மேல் செட்டை உருவிப் போட்டேன் அவன் முழிக்கக் கூட இல்ல. நானும் அஞ்சு நிமிஷத்துல படுத்துட்டேன். அண்ணி ரொம்ப தேங்க்ஸ்

அண்ணி: தூங்கினியே அது போதும்

பெரியம்மா: அத்தை முதுகைப் பாத்தியா

நான்: காலையில பாத்தேன் பெரியம்மா, தொட்டும் பாத்தேன், சூடு இல்ல கெட்டியா இல்ல. சரசரன்னு சத்தம் இல்லாம நல்லா தூங்கினேன்னு சொன்னாங்க. சாயங்காலம் பாத்துட்டு மறுபடி எழுதுறேன்

பெரியம்மா: குதிகாலையும் பாரு